ஜீப்புக்குள் ஒரு கட்டில்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் டிக்கோயாப் பகுதிப் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்துக்கு நூறு வயது நிறைவதை ஒட்டி, நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்களுக்கு என்ன செய்யலாம் என்று சென்ற ஆண்டே பேச்சுத் தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் பலர் ஒரு நோயாளர் காவு வண்டி வாங்கிக் கொடுப்போம் என்றார்கள். நல்ல மனத்தோடு சொன்ன யோசனை அது. அதை விசாரித்துச் சொல்லும் பொறுப்பு டிக்கோயாப் பகுதியில் இருக்கும் எங்களுக்குத் தரப்பட்டது. விசாரித்தோம். சாரதிமாரிடமும், மருத்துவமாதுகளிடமும், தச்சு வேலை செய்யும் பாஸிடமும், லயங்களில் இருக்கும் தாய்மாரிடமும் கேட்டோம். முடிவில் எங்கள் கையில் இருந்தது ஒரு கட்டில். மலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஜீப்புக்குள் பூட்டவும், வேலை முடிந்ததும் கழற்றி எடுக்கவும் கூடிய பலகைக் கட்டில். அதைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் நன்றியோடு சில விடயங்களை நினைவுகூர வேண்டும். நாம் படித்த காலத்து நிலைமை இன்று இல்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய அரசின் உதவியோடு 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் கிடைத்திருக்கிறது. 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்துவிட்டு நோர்வூட்டில் நம் மக்களிடையே பேசினார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. அந்த வண்டியில் பயிற்சி பெற்றவர் இருக்கிறார், ஒட்சிசன் இருக்கிறது. நாம் பணம் சேர்த்து வாங்கும் எந்த வண்டியும் அதற்கு ஈடாகாது. சாரதிக்குச் சம்பளம், காப்புறுதி, டயர், சேர்விஸ், மாதா மாதம் டீசல் என்று பார்த்தால், வாங்கிய மறு வருடமே அந்த வண்டி ஒரு கொட்டகைக்குள் நின்றுவிடக்கூடும்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? பெரிய றோட்டில் அவ்வளவாக இல்லை. லயத்திலிருந்து பெரிய றோட்டுக்கு இறங்கும் பாதையில்தான் இருக்கிறது. போகவந்தலாவைப் பக்கமும், மஸ்கெலியா, சாமிமலை, அப்கொட் பக்கமும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோட்டத்துப் பாதைகள் கொழுந்தை மலையிலிருந்து ஸ்டோருக்கு இறக்குவதற்காக வெட்டப்பட்டவை. வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் மழைக்காலத்தில் ஓர் இடத்தில் மண் சரிந்திருக்கும், இன்னோர் இடத்தில் கல் பெயர்ந்திருக்கும். தரை தாழ்ந்த வண்டி அதில் ஏறாது. ஏறக்கூடியவை கொழுந்து லொறி, டிராக்டர், பழைய ஜீப், லேண்ட் ரோவர். ஓரளவுக்கு முச்சக்கர வண்டி.

நம் அம்மாமாரின் காலத்தில் கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் நோயாளியைக் கிடத்தி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கி இறங்கினார்கள். லொறி இருந்த தோட்டத்தில் லொறியில் ஏற்றினார்கள். கொழுந்துச் சாக்குகளை விரித்து அதன் மேல் படுக்க வைத்து, ஒரு பக்கம் மாமியும் மறு பக்கம் அக்காவும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நம்மில் சிலர் பிறந்ததே அந்தச் சாக்கின் மேல்தான். அந்த லொறியை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த இரவில் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஒரு மனுஷியை ஏற்றுகிறோம் என்பதற்கு அதில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. இன்றைக்கு லொறிக்குப் பதில் முச்சக்கர வண்டி வந்திருக்கிறது. அதில் வலியோடு இருக்கும் பெண் படுக்கவே முடியாது. குனிந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

ஆகவே கேள்வி இப்படி ஆகிறது: ஏறக்கூடிய வண்டியில் ஒரு பெண்ணைப் பத்திரமாகப் படுக்க வைத்துப் பெரிய றோட்டுச் சந்திவரை கொண்டுவந்து 1990 வண்டியிடம் ஒப்படைக்க என்ன வழி?

இது உலகத்துக்குப் புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப்புகளின் மேல் இரும்புச் சட்டம் பூட்டி, அதில் ஸ்ட்ரெச்சர்களை வைத்துக் காயம்பட்டவர்களை மலைப்பாதைகளில் இறக்கினார்கள். தேவை முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிவிட்டு அதே ஜீப்பில் சாமான் ஏற்றினார்கள். அந்த ஜீப்பைப் பார்த்துத்தான் பிரித்தானியாவில் லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1960 களில் அதே லேண்ட் ரோவருக்குள் ஆசனங்களை மடித்துப் படுக்கையாக்கும் டோர்மொபைல் வண்டிகள் ஓடின. அவை உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கானவை. வெளிநாட்டில் இருக்கும் நம் தங்கைமாரின் பிள்ளைகள் இன்றும் விடுமுறைக்குப் போகும்போது ஜீப்புக்குள் பலகை அடித்துப் படுக்கிறார்களாம். அந்தப் பலகையைத்தான் நாங்கள் வேறொரு தேவைக்கு எடுத்துக்கொண்டோம்.

ஏன் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நிரந்தரமாகப் பூட்டினால் உறுதியாக இருக்குமே என்றார்கள். நம் மலையில் ஒரு வேலைக்கென்று ஒதுக்கி வைக்க யாரிடமும் வாகனம் இல்லை. காலையில் மரக்கறி, பகலில் கல்யாண வீட்டுக் கதிரை, மாலையில் டியூஷன் பிள்ளைகள் என்று ஓடினால்தான் அந்த ஜீப்புக்கு டீசல் கிடைக்கும். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டிலை அதன் சொந்தக்காரர் ஒரு கிழமையில் கழற்றிப் போட்டுவிடுவார். அதைக் குற்றமென்று சொல்லவும் முடியாது. ஆணிகளைப் பிடுங்கிக் கழற்றிய கட்டில் தேவைப்படும் இரவில் திரும்பப் பூட்டுவதற்கு உதவாது. இரண்டு பெண்கள் ஐந்து நிமிடத்தில் பூட்டி, ஐந்து நிமிடத்தில் கழற்றக்கூடியதாக இருந்தால்தான் அது பத்து வருடத்துக்குப் பயன்படும்.

இனி, செய்த விதத்தைச் சொல்கிறோம். ஊரில் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகள் குறித்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கிடைத்தது சங்கத்துச் சகோதரி ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமான, நீளமான பழைய லேண்ட் ரோவர். பின்பக்கம் இரு சக்கரங்களுக்கும் மேலே இரண்டு மேடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் மூன்றடி அகலத்துக்குத் தரை. பக்கத்து ஆசனங்கள் அந்த மேடுகளின் மேலே மடிந்து நிற்கும். இடப்பக்க ஆசனத்தை மடித்துவிட்டுக் கட்டிலின் ஓர் ஓரத்தை மேட்டின் மேலும், மற்ற ஓரத்தைத் தரையில் ஊன்றும் கால்களின் மேலும் வைத்தோம். அகலம் இரண்டடி, நீளம் ஐந்தடி பத்து அங்குலம். உயரம் ஓரடிக்கு மேல் போகவில்லை. கட்டில் தாழ்வாக இருந்தால் ஏற்றுவது சுலபம், வளைவில் ஆட்டமும் குறைவு.

கட்டில் ஏன் இடப்பக்கம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதைச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற மருத்துவமாதாகிய நம் அக்கா ஒருவர். நிறைமாதப் பெண்ணை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. வயிற்றின் பாரம் முதுகுப்பக்கம் ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். தாய்க்குத் தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். இடப்பக்கம் சரிந்து படுப்பதே நல்லது. வண்டியின் இடப்பக்கத்தில், தலை முன்னுக்கு இருக்கும்படி கட்டிலைப் போட்டால், இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கும் பெண்ணின் முகம் வண்டியின் நடுவைப் பார்த்திருக்கும். வலப்பக்க ஆசனத்தில் மருத்துவமாதோ அம்மாவோ உட்காரலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையையும் பிடித்துக்கொண்டு வரலாம். வலப்பக்கத்தில் கட்டில் போட்டால் அவள் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

பலகைக்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட் போதும். கீழே இரண்டுக்கு ஒன்று அங்குலச் சட்டம் சுற்றி அடித்து, ஓரடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். 18 மில்லிமீற்றர் போட்டால் பாரம் ஒன்றரை மடங்கு, தூக்க ஆண்பிள்ளை தேடவேண்டி வரும். கட்டிலை நடுவில் இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு பாதியும் ஏழெட்டுக் கிலோதான். எட்டுக்கு நாலடி முழுத் தகடு ஒன்றில் இரண்டு கட்டில்களுக்குப் பலகை வெட்டலாம். மிஞ்சும் துண்டில் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் பலகை கிடைக்கும்.

அந்தத் தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் அலங்காரத்துக்கு அல்ல. மேடு ஏறும்போது படுத்திருப்பவர் கால்பக்கம் சறுக்குவார். இறக்கத்தில் தலைப்பக்கம் சறுக்குவார். நம் பாதையில் இரண்டுமே உண்டு. தலைமாட்டில் ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்திருக்கிறோம். இறக்கத்தில் தலை தாழாமல் இருக்கத் தலைப்பக்கத்தை இரண்டங்குலம் உயர்த்தியிருக்கிறோம்.

மெத்தை மூன்றங்குல ஸ்பொஞ்ச். மேலே ரெக்சின் உறை. இரத்தமும் நீரும் பட்டால் துடைத்துக் கழுவவேண்டும் என்பதற்காகத்தான் ரெக்சின். அதன்மேல் ஒரு பருத்தி விரிப்பு. மெத்தையும் இரண்டு துண்டு. உறையைத் தைத்தவரும் நம் பாடசாலையில் தையல் படித்தவரே. பிடித்து வைப்பதற்கு மூன்று பட்டிகள்: ஒன்று அக்குளுக்குக் கீழே மார்புக்கு மேலாக, ஒன்று தொடையின் மேல், ஒன்று முழங்காலுக்குக் கீழ். வயிற்றின் மேல் எதுவும் வரக்கூடாது.

கட்டிலை வண்டியோடு இணைப்பதுதான் முக்கியமான வேலை. சடுதியாக பிரேக் போட்டால் பூட்டாத பலகை சாரதியின் முதுகில்தான் போய் விழும். எனவே நான்கு இடத்தில் போல்ட். புதிதாகத் துளை போடவில்லை. ஆசனத்துக்கென்று தரையில் ஏற்கெனவே இருந்த துளைகளைப் பயன்படுத்தினோம். துளை போட்டே ஆகவேண்டுமென்றால் முதலில் கீழே படுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. லேண்ட் ரோவரின் உடல் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் இடையில் இறப்பர் வொஷர். கையால் திருகும் காது வைத்த நட் போட்டோம், சாவி தேடத் தேவையில்லை. அது குலுக்கலில் தளரும் என்பதால் ஸ்பிரிங் வொஷரும் போட்டோம். புறப்படுமுன் நான்கையும் கையால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம். நட் தொலையாமல் ஒவ்வொன்றையும் நூலால் சட்டத்தில் கட்டியிருக்கிறோம்.

மனிதரை ஏற்றுமுன் அரிசி மூட்டையை ஏற்றவேண்டும். 50 கிலோ மூட்டையைக் கட்டிலில் பட்டியால் கட்டி, லயத்திலிருந்து சந்திவரை இறக்கி, திரும்ப ஏற்றி, இடையில் சில முறை பலமாக பிரேக் போட்டுப் பார்த்தோம். கட்டில் ஒரு விரல் அகலமாவது நகர்ந்தால் அந்தப் பூட்டு போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டில் எங்கே இருக்கும்? இது பலகையைவிடப் பெரிய கேள்வி. ஒபீஸுக்குள் பூட்டி வைத்து, சாவியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டில் இல்லாததற்குச் சமம். பிள்ளை மடுவத்தின் சுவரிலோ, கோயில் மண்டபத்திலோ, ஜீப் நிற்கும் வீட்டுத் திண்ணையிலோ கொக்கி அடித்து, மழை படாமல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மாட்டவேண்டும். அதைப் பூட்டத் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேராவது இருக்கவேண்டும். மாதம் ஒரு முறை பூட்டிக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

பயன்படுத்தும் முறையும் உண்டு. முதல் வேலை 1990 ஐ அழைப்பது. இரண்டாவது, மருத்துவமாதை அழைப்பது. வண்டி எந்தச் சந்திக்கு வரும் என்று கேட்டுக்கொண்ட பிறகே ஜீப் புறப்படவேண்டும். விழுந்து கழுத்தோ முதுகெலும்போ அடிபட்டவரை நாமாகத் தூக்கி இதில் போடக்கூடாது, பயிற்சி பெற்றவர் சொல்லும்வரை அசைக்காமல் வைத்திருப்பதே உதவி. சுகமாக இருப்பவர்கள் ஓடும் வண்டியில் இதில் படுத்துத் தூங்கவும் கூடாது. அவர்கள் ஆசனத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் வரவேண்டும்.

நின்ற வண்டியில் தூங்கலாம். அதற்கும் இந்தக் கட்டில் பயன்படுகிறது. நோயாளியை ஒப்படைத்த பிறகு பின்னிரவில் திரும்பி மலை ஏறுவதைவிட, சாரதி விடியும்வரை படுத்து எழுந்து வருவது எவ்வளவோ பாதுகாப்பு. வாட்டில் மகளை விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் முதுகு சாய்க்க ஓர் இடம். தூரத் தோட்டங்களுக்குச் சனி ஞாயிறு வகுப்பு எடுக்கப் போகும் நம் ஆசிரியைமாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டோ, கரி நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டோ தூங்கவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கியவர் எழும்பமாட்டார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பதுதான் சரி.

இந்த யோசனையைக் கேட்ட நம் சகோதரி ஒருவர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது. ‘பலகை அடித்துக் கொடுத்துச் சமாளித்தால், பாதை போடவேண்டியவர்கள் பாதை போடுவார்களா? நம் மக்களுக்கு எப்போதும் தற்காலிக ஏற்பாடுதானா?’ என்று கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையை நிரந்தரமாக வாழ்வதற்கென்று யாரும் கட்டவில்லை. ஆனால் தலைமுறைகள் அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே முடிந்தன. தற்காலிகம் என்பது நம் மலையில் நூறு வருடம் நீடிக்கும் என்பது நமக்குத் தெரியும்.

அதற்கு எங்கள் பதில் இது. பாதை கேட்பதை நிறுத்தமாட்டோம். ஒவ்வொரு முறை இந்தக் கட்டில் பூட்டப்படும்போதும், எந்த லயம், எந்த நேரம், எந்த இடம்வரை, ஏன் வண்டி ஏற முடியவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கவேண்டும். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் போவோம். ‘பாதை மோசம்’ என்று வாயால் சொல்வதற்கும், திகதியோடும் மணியோடும் எழுதிக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. எழுதக் கற்றுக்கொடுத்த பாடசாலைக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுதான். ஆனால் பாதை வரும்வரை இன்று இரவு வலி எடுக்கும் பெண்ணைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அவள் இன்று படுக்கவேண்டும்.

ஆகவே கடல் கடந்த சகோதரிகளிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒன்று, ஒரு வண்டிக்குச் சேர்க்க நினைத்த பணத்தைக் கட்டில்களாக மாற்றுங்கள். ஒரு வண்டியின் விலையில் நம் பகுதியில் ஜீப் ஓடும் தோட்டங்களுக்கெல்லாம் கட்டில் கொடுத்து, வருடா வருடம் மெத்தையும் பட்டியும் மாற்றலாம். இரண்டு, செய்து அனுப்பவேண்டாம். இங்கேயே பாஸ் இருக்கிறார், தைப்பவர் இருக்கிறார், பலகைக் கடை ஹட்டனில் இருக்கிறது. ஒவ்வொரு ஜீப்பின் உள்ளளவும் வேறு. அளந்து செய்தால்தான் பொருந்தும். உடைந்தால் திருத்துகிற கையும் பக்கத்தில் இருக்கவேண்டும். மூன்று, கட்டிலில் யார் பெயரும் எழுதவேண்டாம். இதில் படுப்பவள் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவளாக உணரக்கூடாது.

உள்ளூர்ச் சகோதரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். வீட்டில் ஜீப்போ வானோ இருந்தால், நாளைக்கே ஓர் அளவு நாடாவை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி எங்களிடம் கொடுங்கள். சக்கர மேடுகளுக்கு இடையிலான அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். இந்த மண்டபத்தின் வாசலில் முதல் கட்டிலை வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் வந்து பூட்டிப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள், படுத்தும் பாருங்கள். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்ததில் திருத்திக்கொள்வோம்.